போட்டு வாறன் எண்டு சொல்லாதவள்

எங்கடை அனோஜினியிலை உங்கள் எல்லாருக்கும் ஒரு கோபம் இருக்கு, எனக்குத் தெரியும். ஆற்றை வீட்டுக்கு வந்தாலும் நல்லாச் சிரிச்சுக் கதைப்பாள், சாப்பிடுவாள், கோப்பையும் கழுவி வைப்பாள். வெளிக்கிடேக்கை மட்டும் ஒரு சொல் சொல்லமாட்டாள். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பேசாமல் இறங்கிப் போயிடுவாள். "தலைக்கனம் பிடிச்ச நடப்புக்காரி" எண்டு போன கிழமையும் அன்ரி சொன்னீங்கள். அதாலைதான் இதைச் சொல்லுறன். மாதாவாணை, நடந்தது. அவளே என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவள். சொல்லி முடியுமட்டும் அவளின்ரை கை ஐஸ் மாதிரிக் கிடந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. நோர்வேக்காரர் எங்கடை நாட்டுக்குச் சமாதானம் பேச வந்து போன காலம். அனோஜினி நோர்வேயிலை வளந்தவள் எண்டு தெரியும்தானே. அவளுக்கு நாலு வயசிலை தாய் அவளை யாழ்ப்பாணத்திலை சித்தியோடை விட்டிட்டு, "கெதியா வாறன் பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு நோர்வேக்குப் போனவ. பிள்ளையைக் கூப்பிட அஞ்சு வருஷம் எடுத்தது. பேந்து றஜிந்தனைக் கட்டி மொன்றியலுக்கு வந்து, செயின்ட்-மிஷேலிலை இரண்டாம் மாடியிலை ஒரு சின்ன வீடு. வெளியாலை சுத்திச் சுத்தி ஏறுற இரும்புப் படி. மகள் ஜெசிக்காவுக்கு அப்ப நாலு வயசு. கார்டெறியிலை, அதுதான் பகலிலை பிள்ளையளைப் பாக்கிற இடத்திலை, பிரெஞ்ச், வீட்டிலை தமிழ். நோர்வே பாஷையிலை ஒரு சொல்லுக்கூடத் தாய் அதுக்குப் பழக்கேல்லை. இதை ஞாபகம் வச்சிருங்கோ.

பக்கத்திலை வில்லரேயிலை செலீன் எண்டு ஒரு கியூபெக் மனுசி. எழுபது வயசு, தனி ஆள். அவவின்ரை பூட்டன் நோர்வேயாலை வந்தவராம். அந்தப் பரம்பரையைத் தேடுறதுதான் மனுசிக்கு நாள் முழுக்க வேலை. நோர்வேயிலை இருக்கிற கோயிலுகளுக்கு ஞானஸ்நானப் பதிவு கேட்டு எழுதுறது, தூரத்துச் சொந்தக்காரரைப் பிடிச்சுப் போன் எடுக்கிறது. ஆனால் பாஷை தெரியாது. ஆரோ சொல்லி அனோஜினியைப் பிடிச்சிட்டா. கிழமையிலை ரெண்டு நாள் போய், வாற ஈமெயிலை வாசிச்சுச் சொல்லவேணும், போனிலை கதைக்கவேணும்.

றஜிந்தன் பகிடி பண்ணுவானாம். "நோர்வேக்காரர் எங்கடை உயிரோடை இருக்கிற ஆக்களோடை பேசப் போறாங்கள். நீ அவங்கடை செத்த ஆக்களோடை பேசப் போறாய்."

"அவை உங்களை மாதிரி இடையிலை பாய்ஞ்சு கதைக்க மாட்டினம்" எண்டாளாம் இவள்.

செலீன் கண்டுபிடிச்சு வச்சிருந்தது இதுதான். நூற்றி நாப்பது வருஷத்துக்கு முந்தி அந்தக் குடும்பம் பாய்க்கப்பலிலை வந்து கியூபெக்கிலை இறங்கி, மொன்றியலுக்காலை அமெரிக்காவுக்குப் போகப் பாத்தது. இஞ்சை வந்த இடத்திலை மாரித் எண்ட ஆறு வயசுப் பெட்டைக்குக் கடும் காய்ச்சல். வருத்தக்காரப் பிள்ளையைக் கப்பலிலை ஏத்தமாட்டம் எண்டிட்டாங்கள். மூத்த பெடியனை அவளோடை விட்டிட்டு, தாய் தேப்பன் மற்றப் பிள்ளையளோடை போட்டினம். மாரித் செத்துப்போச்சு. பெடியன் இஞ்சையே நிண்டிட்டான். அவர்தான் செலீனின்ரை பூட்டன்.

மாரித்தை எங்கை தாட்டது எண்டு தெரியாமல் மனுசி வருஷக்கணக்கா அலைஞ்சவ. அந்த வருஷம்தான் மலைப்பக்கத்துச் சேமக்காலை ஒண்டிலை, மரத்துக்குக் கீழை, மாரித் எண்டு வெட்டின, பாசி பிடிச்ச ஒரு சின்னக் கல்லறைக் கல்லைக் கண்டுபிடிச்சா.

நவம்பர் ரெண்டு. எங்கடை கத்தோலிக்க ஆக்கள் செத்தவைக்காகச் சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போற நாள். அனோஜினியும் ஜெசிக்காவைக் கூட்டிக்கொண்டு, ஒரு திரியும் கொண்டு செலீனோடை போனவள். திரியைக் கொழுத்தி வச்சாச்சு. செலீன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொன்னாவாம், "அவளோடை அவளின்ரை பாஷையிலை ஏதாவது கதை பிள்ளை. இவ்வளவு காலமும் ஆரும் கதைச்சிருக்க மாட்டினம்."

அனோஜினி குந்தியிருந்து நோர்வே பாஷையிலை, "மாரித், பயப்பிடாதை. உன்னைக் கண்டுபிடிச்சிட்டம்" எண்டாள். ஜெசிக்காவுக்குக் குளிரிலை மூக்கு ஓடத் தொடங்கீட்டுது. அவசரமா எழும்பேக்கை, எந்த வீட்டாலை வெளிக்கிட்டாலும் நாங்கள் சொல்லுறது வாயிலை வந்திட்டுது. அதையும் நோர்வே பாஷையிலைதான் சொன்னாள்.

"போட்டுக் கெதியா வாறன்."

திரி நூந்துது. காத்தே இல்லை.

அண்டைக்கு இரவு லவாலிலை இருந்து மாமி, றஜிந்தன்ரை தாய் அக்னெஸ், போன் எடுத்தவ. இவள் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள். மாமி சிரிக்கேல்லை.

"செத்தவீட்டாலையே சொல்லாமல்தானே வெளிக்கிடுறது. நீ சேமக்காலையிலை நிண்டுகொண்டு வாறன் எண்டு சொன்னனியே? விசரே உனக்கு?"

"ஐயோ மாமி, அது சின்னப் பிள்ளை."

"சின்னப் பிள்ளையளுக்குச் சொன்னதுதான் மறக்காதுகள்."

அடுத்த கிழமை தொடங்கினது. றஜிந்தனுக்குப் பின்னேர வேலை. இவளும் பிள்ளையும் தனிய. பொழுதுபட, வெளிப் படியிலை சத்தம். டங்... டங்... டங்... ஆரோ சப்பாத்தோடை மெல்ல ஏறி வாற மாதிரி. வாசல்லை வந்து நிண்டுது. கதவைத் திறந்தால் ஒருத்தரும் இல்லை.

அடுத்த நாளும். அதுக்கடுத்த நாளும்.

ஜெசிக்கா கோப்பையிலை பாதிப் புட்டை ஒதுக்கி வைக்கத் தொடங்கினாள். ஏன் எண்டு கேட்டால், "அவவுக்கு." விடிய எழும்பிப் பாத்தால் பிள்ளையின்ரை கட்டில் கரை ஈரம். பிள்ளை நனைக்கேல்லை. அது தண்ணி. மண் மணம்...

றஜிந்தனுக்குச் சொன்னாள். "நித்திரை காணாது உனக்கு" எண்டிட்டுப் போட்டான்.

நவம்பர் கடைசி. முதல் பெரிய ஸ்நோ கொட்டின நாள். பின்னேரம் நாலரை. மொன்றியலிலை அது இருட்டுத்தான். அனோஜினி குசினியிலை மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டவள். அறைக்குள்ளை இருந்து பிள்ளையின்ரை குரல்.

"கொம்மர் டூ?... கொம்மர் டூ?..."

நோர்வே பாஷை. "வாறியா?" எண்டு அர்த்தம்.

அறைக்கு ஓடினாள். ஜெசிக்கா கட்டிலிலை இருந்தாள். கையிலை நீலக் கம்பளிக் கிளவுஸ் ரெண்டும் போட்டபடி.

"ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"மாரித்."

"என்ன கேக்கிறா?"

"அம்மா எப்ப வாறா எண்டு."

"ஆற்றை அம்மா?"

பிள்ளை நிமிந்து பாத்தாள்.

"நீங்கள்தானாம்."

மீன் எரியிற மணம். அடுப்பை நிப்பாட்டத்தான் போனாள். அவ்வளவுதான். திரும்பி வர...

வெறுங் கட்டில்.

கால் மாட்டிலை குளிர் காத்து.

வாசல் கதவு ஆவெண்டு கிடந்தது.

இரும்புப் படியிலை, பாதி வழியிலை, ஜெசிக்கா. வெறுங்கால். ஸ்நோவிலை அவளின்ரை காலடி மட்டும்தான். ஆனால் வலது கை மேலை தூக்கியிருந்தது. தன்னிலும் கொஞ்சம் உயரமான ஆரோ பிடிச்சிருக்கிற மாதிரி.

டங்... கீழ்ப் படியிலை சத்தம். பிள்ளை ஒரு படி இறங்கினாள்.

டங்... இன்னொரு படி.

அனோஜினி பாய்ஞ்சு இடது கையைப் பிடிச்சாள். இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்துது. பெரிய பலமில்லை. சின்னப் பிள்ளையின்ரை பலம். ஆனால் விடேல்லை.

ஜெசிக்கா சொன்னாள், "நீங்கள் வரேல்லை எண்டு அவ அழுறா."

அப்ப அனோஜினிக்கு விளங்கீட்டுது, என்ன சொல்லவேணும் எண்டு. அஞ்சு வருஷம் ஒரு சொல்லை நம்பி வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தவள் அவள். அவளின்ரை வாயாலைதான், நோர்வே பாஷையிலைதான், அது வரவேண்டிக் கிடந்தது.

"மாரித்... நான் உன்ரை அம்மா இல்லை. நான் வரமாட்டன்."

இழுவை நிக்கேல்லை.

"உன்ரை அம்மாவும் வரமாட்டா."

நிண்டுது.

ஸ்நோ விழுற சத்தம்கூடக் கேட்டுதாம்.

பேந்து... டங்... டங்... கீழை. ஆறுதலா. ரோட்டு வரைக்கும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளை வந்து பூட்டினாள். ஜெசிக்காவின்ரை வலது கையிலை கிளவுஸ் இல்லை. றஜிந்தன் வந்து ரோச் அடிச்சுத் தேடினவன். படியிலை இல்லை, கீழையும் இல்லை. இந்த முறை அவன் பகிடி பண்ணேல்லை.

இந்தக் கதையைச் செலீனுக்கு இவள் சொல்லவே இல்லை. மனுசி பாவம் எண்டு. அதைக் கவனியுங்கோ.

நத்தாருக்கு முந்தி செலீன் கூப்பிட்டா. நோர்வேயிலை ஒரு சொந்தக்காரி கிடைச்சிட்டாவாம், வயசு போன மனுசி. போனை ஸ்பீக்கரிலை போட்டு, அந்த மனுசி சொல்லச் சொல்ல இவள் செலீனுக்குச் சொன்னாள். அமெரிக்காவாலை வந்த கடிதங்களாலை மாரித்தின்ரை கதை அவையின்ரை குடும்பத்திலை வாய்க்கு வாய் வந்ததாம். தாய் போகேக்கை பிள்ளை அழும் எண்டு உண்மையைச் சொல்லேல்லையாம். "கெதியா வாறன்" எண்டு சொல்லி நித்திரையாக்கிப்போட்டுப் போனவவாம்.

பேந்து அந்த மனுசி இன்னொண்டும் சொன்னா. அனோஜினி மொழிபெயர்க்கிறதை நிப்பாட்டீட்டாள்.

"என்ன சொல்லுறா?" எண்டு செலீன். "சொல்லன் பிள்ளை!"

அந்த மனுசி சொன்னது இதுதான்.

அமெரிக்காவுக்குப் போன குடும்பத்திலை கடைசிப் பெட்டைக்கு நாலு வயசாம். அடுத்த குளிர்காலத்திலை ஒரு நாள் விடிய வீட்டுக் கதவு திறந்து கிடந்ததாம். பிள்ளையை ஸ்நோவுக்குள்ளை விறைச்சபடி எடுத்தவையாம். காலடி ஒரு பிள்ளையின்ரை மட்டும்தானாம். வலது கை மேலை தூக்கினபடியாம். அந்தக் கையிலை மட்டும் கிளவுஸ் இல்லையாம். கடைசிமட்டும் கிடைக்கேல்லையாம்.

ஏப்ரலிலை ஸ்நோ எல்லாம் கரைஞ்சு படியும் முற்றமும் வெளிச்சுது. ஜெசிக்காவின்ரை கிளவுஸும் கிடைக்கேல்லை.

ஆனபடியால் அன்ரி, அவள் பேசாமல் வெளிக்கிட்டால் பேசாமல் விடுங்கோ. "திரும்பி எப்ப வாறாய்?" எண்டு மட்டும் அவளைக் கேக்காதேங்கோ.