முதல் கையெழுத்து என்னுடையது

ஆயம்மாளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவளைப் பற்றி வேறு யார் எழுதப் போகிறார்கள்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு என்னைவிட நாலு வயது கம்மி. கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் பச்சமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பேரும் கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். அவன் குடித்தே செத்தான். பிள்ளை இல்லை. கொழுந்தன் வெளியே போகச் சொல்லிவிட்டான். பதினோரு வருஷமாக எங்கள் மாதா நகருக்குப் பின்னால், வாய்க்கால் ஓரப் புறம்போக்கில் தகரம் போட்டு இருக்கிறாள். மழையில் தண்ணீர் உள்ளே வந்தால் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, மேலே உட்கார்ந்துகொள்வாள். கேட்டால், "கோமுகி அணையே என்னைப் பாக்க வூடு தேடி வந்துச்சுக்கா, போன்னா சொல்ல முடியும்?" என்று சிரிப்பாள்.

களை எடுப்பாள், செங்கல் சுமப்பாள், எங்கள் வீட்டில் நெல் அவிக்க வருவாள். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. கையில் காசிருந்தாலும் அவளுக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. தனிப் பொம்பளை, குடிகாரன் பொண்டாட்டி என்பார்கள்.

போன வருஷம் எங்கள் பேரூராட்சியில் ஒரு திட்டம் வந்தது. எங்கள் தெருக்கோடியில் காலியாகக் கிடக்கும் பொது இடத்தில் ஆதரவில்லாத பெண்களுக்கு இருபது வீடு. வாரம் ஒருநாள் நர்ஸ் வருவார், தையல் சொல்லிக்கொடுப்பார்கள், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா இருப்பார். ஆயம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அக்கா, பட்டியல்ல என் பேரு பதினாலாவது! பூட்டு ஒண்ணு வாங்கணும். இத்தினி வயசுல நான் பூட்டே வாங்குனது இல்லக்கா."

அந்த வாரம் எங்கள் அன்பியக் கூட்டம் செபாஸ்தியான் அண்ணன் வீட்டில். நாற்பது குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்வதுதான் அன்பியம். நான் அதன் தலைவி. ஜெபம் முடிந்ததும் வருகை நோட்டில் நான் முதலில் கையெழுத்துப் போடுவேன். மற்றவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டே எனக்குக் கீழே போடுவார்கள். யாரும் எதையும் படிப்பதில்லை. அன்றைக்கு அண்ணன் நோட்டுக்குள் ஒரு மனுவை வைத்திருந்தார். திருவிழாவில் மாதா சப்பரம் திரும்புகிற இடம் அது, அங்கே வீடு கட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் படித்தேன்.

"பாவப்பட்ட சனங்களாச்சே அண்ணே," என்றேன்.

"பாவந்தான். யாரு இல்லேன்னா? வேற எடத்துல கட்டட்டும். அதுங்களைத் தேடிக்கினு கண்டவனும் நம்ம தெருவுக்கு வந்தா, உன் பொண்ணைப் பாக்க எந்த மாப்பிள்ளை வூட்டுக்காரன் வருவான்?"

என் மகள் ஜெனிபருக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். போட்டேன். எனக்குக் கீழே நாற்பத்து மூன்று பேர் போட்டார்கள். தெரியாமல் போட்டேன் என்று இங்கே எழுதிவிடலாம். மாதாவுக்குத் தெரியும், நான் தெரிந்துதான் போட்டேன்.

மனுவை விசாரிக்கப் பேரூராட்சியில் போட்ட கூட்டத்துக்கு ஆயம்மாள் என்னையே துணைக்குக் கூப்பிட்டாள். "நீ பக்கத்துல குந்திகினு இருந்தா எனக்குத் தைரியம்க்கா." போனேன். அதிகாரி மனுவை எடுத்தார்.

"மாதா நகர்ல நாப்பத்து நாலு பேர் ஆட்சேபணை. மொதல் கையெழுத்து இஞ்ஞாசியம்மாள்."

ஆயம்மாள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "அது வேற யாரோ சார். எங்க இஞ்ஞாசிக்கா இதோ எங்கூடதான் வந்துகீது. அது எதுக்கு எனக்கு எதிரா போடப் போவுது?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுந்து, "நான்தாங்க சார். என் பேரை அடிச்சிடுங்க," என்றேன்.

"ஒரு பேரை அடிச்சா மிச்சம் நாப்பத்து மூணு நிக்குதேம்மா. வாபஸ் வாங்குறவங்க ஆளாளுக்கு எழுதிக் குடுங்க. ஒரு வாரம் டைம்."

ஆயம்மாள் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க வீடு வீடாக ஏறினேன். மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த ஜெஸி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "சுண்டல் துன்ன வந்தவளை வம்புல மாட்டிவுட்டதே நீதான். இப்ப நீயே வந்து இல்லேன்னு எழுதுங்கிற. இன்னா அத்தை, வெளாட்டா?" திட்டிவிட்டு எழுதிக் கொடுத்தாள். செபாஸ்தியான் அண்ணன், "மாதாவுக்கு எதிரா என்னை எழுதச் சொல்றியா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மொத்தம் பதினேழு பேர் எழுதினார்கள். இருபத்தாறு பேர் எழுதவில்லை.

பாதி இடத்தைச் சப்பரத்துக்கு விட்டுவிட்டு, மீதியில் பன்னிரண்டு வீடு என்று முடிவானது. பட்டியலில் முதல் பன்னிரண்டு பேருக்கு. ஆயம்மாள் பதினாலாவது. மற்றவர்களுக்கு அடுத்த கட்டத்தில் பார்ப்பார்களாம்.

கோயிலில் போய் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் பங்குச்சாமியார்.

"இவ்வளவு கம்மியா சாமி?"

"ஜெபத்துக்கு இவ்வளவு போதும்மா. மத்ததை அந்த அம்மாகிட்ட போய்க் கேளுங்க."

போனேன். அவள் அந்தப் பன்னிரண்டு வீட்டு வேலையில்தான் கூலிக்கு மணல் சுமந்துகொண்டிருந்தாள். முக்காடு போட்ட துண்டு வேர்வையில் நனைந்திருந்தது.

"ஆயம்மா, நான் இன்னா செய்யணும் சொல்லு. எதுவானாலும் செய்யறேன்."

"மொதல்ல நவுருக்கா, மண்ணு கொட்டுது."

நகர்ந்தேன். அவள் கொட்டிவிட்டு வந்து சும்மாட்டைச் சரிசெய்தாள்.

"அடுத்த கட்டத்துக்கும் இதே மாதிரி கூட்டம் போடுவாங்களாம். அன்னிக்கு வா."

"கண்டிப்பா வரேன். உன் பக்கத்துலயே..."

"பக்கத்துல வேணாம்," என்றாள். "எதிர்ல குந்து. நீ பேசறப்ப உன் மூஞ்சைப் பாக்கணும் நானு."

சரி என்றேன். மேஸ்திரி அவளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.