அரிசிக்குப் போன குதிரை

உஸ்கென் கடைத்தெருவில் புருல்கானைத் தெரியாதவர் கிடையாது. லாரி ஓட்டிய அப்தில்தாவின் மூன்றாவது மகள். புருஷன் வழியில் பார்த்தால் மிர்சா-அகி ஊரில் பாதிப் பேருக்கு அண்ணி முறை. இருபது வருஷம் ஏணியில் ஏறிக் கடைப் பலகைகளுக்குப் பெயர் எழுதியவள். இயந்திரத்தில் அச்சடித்த பலகைகள் வந்ததும் அவள் உட்கார்ந்து அழவில்லை. ஏணியைக் கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டு ஓஷ் நகரத்துக்குப் போனாள். இணையத்தில் கடைகளுக்குப் பெயர் பதிவு செய்யும் ஒரு கம்பெனியில் வேலையைக் கற்றுக்கொண்டு, உஸ்கென்னுக்கு அவர்களுடைய ஆளாகத் திரும்பி வந்தாள்.

பலகை கடைக்கு முன்னால் நிற்கிறவன் கண்ணில்தான் படும், நல்ல இணையப் பெயர் இருந்தால் தலைநகர் பிஷ்கெக்கில் உட்கார்ந்திருப்பவனும் வாசலுக்கு வந்துவிடுவான் என்று கடை கடையாகச் சொன்னாள். எது நல்ல பெயர் என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஓஷ் போகும் வேனில் ஏறும்போது ஓட்டுநரிடம் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுவாள். இறங்கும்போது கேட்பாள். சரியாகச் சொன்னால் வாங்கலாம். தலையைச் சொறிந்தால் வேறு பெயர் தேட வேண்டும்.

அரிசி ஆலைக்கார ஜுசுப்பிடம் அவள் முதலில் போனது மூன்று வருஷத்துக்கு முன்பு. 'குருச்' என்ற பெயர் அன்றைக்கு யாரும் எடுக்காமல் கிடந்தது. அரிசி என்பதுதான் அதற்கு அர்த்தம், வேறொன்றும் இல்லை. நாடு முழுக்க தினமும் வாயில் வரும் சொல், இன்றைக்கே வாங்கிவிடுங்கள் என்று மன்றாடினாள். ஜுசுப்போ தன் ஏழு தலைமுறைப் பாட்டன் பெயர்களும் அதில் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

"ஏழு பாட்டன்மாரையும் ஏத்தினா வண்டி நகராது அண்ணே."

"என் மூட்டையே என் பேரச் சொல்லும், போ தங்கச்சி" என்று சிரித்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு பேரன் எங்கேயோ இலவசமாக ஒரு நீளமான இணைய முகவரி வாங்கிக் கொடுத்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

போன அறுவடையில்தான் அடி விழுந்தது. யாரோ மட்டமான அரிசியைப் பேர்போன உஸ்கென் அரிசி என்று மூட்டை கட்டி, எல்லை தாண்டி அல்மாத்தி வரைக்கும் விற்றுவிட்டார்கள். இனி ஆலையின் இணைய முகவரி மூட்டை மேலேயே இருந்தால்தான் வாங்குவோம் என்று அல்மாத்திச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பேரன் வாங்கித் தந்த முகவரியைத் தொலைபேசியில் நாலு தடவை சொல்லியும் எதிரில் இருந்தவருக்குப் பிடிபடவில்லை. ஜுசுப் தானே புருல்கானின் மேசைக்கு வந்து, அன்றைக்குச் சொன்ன அந்தப் பெயரை எடுத்துக்கொடு என்றார்.

பார்த்தாள். பெயர் போய்விட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் ஆலைக்குப் போய் வந்ததற்கு மறுநாளே யாரோ வாங்கியிருந்தார்கள். வாங்கியது ஜுசுப்பின் தங்கை மகன் தெமிர்லான். பிஷ்கெக்கில் கணினி வேலை பார்ப்பவன். இவள்தான் பையனுக்குக் காதில் போட்டிருப்பாள் என்று சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் பேச்சு எழுந்துவிட்டது. புருல்கானுக்கு அது பொறுக்கவில்லை. ஏணியை விட்டபின் அவளுக்கென்று இருந்ததெல்லாம் சனங்கள் வைத்திருந்த நம்பிக்கை ஒன்றுதான்.

அவனுக்கே தொலைபேசி போட்டாள். அவன் மறைக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு நீங்க பேசினப்ப நான் மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அங்க இருந்தவங்கள்ல நம்பினது நான் ஒருத்தன்தான்."

பிஷ்கெக் வியாபாரி ஒருவர் அந்தப் பெயரை விலைக்குக் கேட்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மாமாவுக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"மாமாகிட்ட நான் வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதக்கூட அவர் சிரிச்சே மழுப்பிட்டார்."

புருல்கானுக்கு விளங்கிவிட்டது. தங்கை பிள்ளை கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. இங்கே அது சட்டத்துக்கு மேல். பதினாறு வயதில் அவன் கேட்டது ஒரு சாம்பல் நிறக் குதிரைக்குட்டி, அது கடைத்தெருவுக்கே தெரிந்த கதை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றே ஜுசுப் காலத்தை ஓட்டிவிட்டார். குட்டி வளர்ந்து, பந்தயத்தில் ஓடி, அவர் மார்பை நிமிர்த்துகிற குதிரையாகிவிட்டது.

மறுநாள் ஆலை முற்றத்துக்குப் போனாள். ஜுசுப் தவிட்டைக் கையில் அள்ளி முகர்ந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி பிள்ளைகிட்ட நான் போய்க் கையேந்தணுமா?"

"நீங்க எதுவும் கேக்கவேணாம் அண்ணே. அவன் கேட்டது இன்னும் பாக்கி இருக்கு. அதக் கொடுங்க, போதும்."

தவிடு அவர் விரல் இடுக்கில் கொட்டியது. லாயத்தின் பக்கம் பார்த்தார். ஒரு பெயருக்காகவா ஒரு குதிரை என்று முனகினார். பெயருக்காக இல்லை, பையனுக்குக் கொடுத்த வார்த்தைக்காக என்றாள் அவள். அதற்குமேல் வாதாடவில்லை, வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தெமிர்லான் வந்தபோது வாசலில் ஜுசுப் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றார். பெயரைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. கடிவாளம் கை மாறியது. அவன் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றான். புலாவ் சாப்பிட்டு எழுந்ததும் தானாகவே கேட்டான்:

"எந்தத் தாள்ல அக்கா கையெழுத்துப் போடணும்?"

புருல்கான் தாள்களை முதலிலேயே கொண்டுவந்திருந்தாள். உரிமையாளர் பெயர் எழுதும் இடம் வந்தபோது ஜுசுப்புக்கு மனசு பொங்கிவிட்டது.

"அவன் பேரையே போட்டுடு தங்கச்சி. அவன் வேற, நான் வேறயா?"

"அண்ணே, திருப்பி வாங்க லாயத்துல இன்னொரு குதிரை இருக்கா?"

முற்றமே சிரித்தது. தெமிர்லான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜுசுப் தன் கையாலேயே தன் பெயரை எழுதினார். அடுத்த வாரம் மூட்டைகளில் புது முகவரி ஏறியது. அதற்கடுத்த வாரம் வாதுமைக்கொட்டை வியாபாரி ஒருவரைத் தோளைப் பிடித்து இழுத்துவந்து அவள் மேசைக்கு முன்னால் உட்காரவைத்தார் ஜுசுப். உன் பெயரிலேயே வாங்கு, இன்றைக்கே வாங்கு என்று, புருல்கான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்துவிட்டார்.

அன்று ஓஷ் போகும் வேனில் ஏறியபோது, பழக்கதோஷத்தில் ஓட்டுநரிடம் 'குருச்' என்று சொல்லி வைத்தாள். இறங்கும்போது கேட்டாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அரிசிய யாராவது மறப்பாங்களா அக்கா?"