தேவராஜன் அண்ணனும் சான்றிதழ் ஸ்பீக்கரும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுநர் போன் செய்தார். "தேவராஜன் சாரை லாரி இடிச்சிட்ச்சு. அங்கியே போய்ட்டாரு. லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிகினேதான் வந்தானாம், இவரு திரும்பவே இல்லியாம்" என்றார். முதல் ஷிஃப்ட் முடிந்து வல்லம் வடகால் திருப்பத்தில் சாலையோரமாக நடந்து போயிருக்கிறார். செல்போனில் பேசிக்கொண்டே போயிருப்பார் என்று மாலைக்குள் கேன்டீன் முழுக்கப் பேச்சு. அப்படி இல்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. கம்பெனியில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இந்த அஞ்சலியை என்னால் நிதானமாக எழுத முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவராஜன் அவர்கள் வாலாஜாபாத் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, தகடு அடிக்கும் பிரஸ் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே வருடக்கணக்கில் நின்று, தர ஆய்வாளர் ஆனவர். நான் 2008இல் சாத்தூரிலிருந்து வந்து அதே தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன். இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர் என்றாலும் அண்ணே என்றே கூப்பிடுவேன். சான்றிதழ் இல்லாமல் ஒரு தகடு அவரைத் தாண்டிப் போகாது. "பேப்பர் இல்லாத பீஸை என் டேபிள்ல வெக்காத" என்பார். வீட்டுக்கு குக்கர் வாங்கினாலும் முதலில் முத்திரையைத்தான் தேடுவார்.

படப்பையில் வாடகை வீடு. அங்கே ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வைத்தார். பாட்டு கேட்கிறது, வசனம் புரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒயர் வேலை கொஞ்சம் வரும். போய்ப் பார்த்தேன். வசனம் தெளிவாகவே இருந்தது.

"நல்லாத்தானண்ணே கேக்கு."

"இன்னாத்த கேக்குது? அல்லாரும் வாய்க்குள்ளயே முணுமுணுக்குறானுங்க. இது டூப்ளிகேட் மாலுய்யா."

அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கினார். அதிலும் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அப்புறம்தான் சினிமா தியேட்டர் தரம் என்று சான்றிதழ் பெற்ற ஸ்பீக்கர்களைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு வந்து நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ இடைவேளையில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அந்தச் சான்றிதழ் பொய் இல்லை. பெரிய கூடத்தில், தியேட்டர் அளவுக்குச் சத்தம் வைத்தாலும் பிசிறு தட்டாது என்பதற்கு அது உத்தரவாதம். பத்துக்குப் பதினொன்று அறையில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவ்வளவு சத்தத்தை யார் வைக்கப் போகிறார்கள்? முத்திரை இல்லாத நல்ல ஸ்பீக்கரே தாராளம்.

"முத்திரை குத்துனவன் ஒங்க வீட்டு ரூமை வந்து பாத்தானாண்ணே?" என்று கேட்டேன்.

"குவாலிட்டில இருந்துகினு நீயே இப்டிப் பேசலாமா?" என்றார். அதோடு வாதம் முடிந்தது. அவரிடம் எந்த வாதமும் அப்படித்தான் முடியும்.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனிக்கு மருத்துவ வேன் வந்தது. பிரஸ் பிரிவில் எல்லோருக்கும் காது சோதனை. ஹெட்போனில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் முறைக்கு முந்தின நாள் அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"காது கொஞ்சம் மந்தமா கீது. ரிப்போர்ட்ல வந்துட்ச்சுன்னா திரும்ப பேக்கிங்ல தள்ளிடுவாங்க. நீ அந்த டெஸ்ட் எடுக்குற பொண்ணு பின்னாடி நின்னுக்க. அது சத்தம் வுட சுவிட்சை அமுக்கறப்பல்லாம் காலரைத் தொடு, நான் பொத்தானை அமுக்கிக்கிறேன். அது போதும்."

தொட்டேன். நார்மல் என்று கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. சான்றிதழ் இல்லாத தகட்டைத் திருப்பி அனுப்புகிற இரண்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பொய்ச் சான்றிதழ் வாங்கினோம். அன்று வெளியே வந்து இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

டாக்டரிடம் போங்கள் என்று நச்சரித்தேன். காது மிஷின் மாட்டினால் லைன் மொத்தமும் பார்க்கும் என்றார். அடுத்த மாதம் அந்தச் சான்றிதழ் ஸ்பீக்கர் வீட்டில் வந்து இறங்கியது. வசனம் வருகிற நடு ஸ்பீக்கரை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினார். பீரோக் கதவு அதிர்ந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து சண்டை போட்டார். ஆனால் சத்தம் துளியும் பிசிறவில்லை.

"ஒவ்வொரு வார்த்தையும் கேக்குதுய்யா. நான் சொன்னேன்ல, கோளாறு மால்லதான்" என்றார் அண்ணன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அந்த மாதிரி ஸ்பீக்கர் வாங்கலாமா என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. சின்ன வீட்டுக்குத் தேவையில்லை என்றுதான் சொல்வேன். அவருக்கு மட்டும் அது வேலை செய்தது. என் ஆத்திரமே அதில்தான். அதிலும் கேட்காமல் போயிருந்தால் வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போயிருப்பார். கேட்டுவிட்டதால் காதில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். நானும் நச்சரிப்பதை விட்டுவிட்டேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். "போன்ல பேசிகினு போனாராமே, யார்கிட்ட பேசினாருன்னு அல்லாரும் கேக்குறாங்க" என்றார் அண்ணி. எல்லாவற்றையும் சொன்னேன், காலரைத் தொட்டது உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"காதா?" என்றார். "டிவிய அலற வுட்டுகினு கேப்பாரு. நான் பேசினா மட்டும் கண்டுக்க மாட்டாரு. என் பேச்சு புடிக்காம போய்ட்ச்சு போலன்னு நெனச்சிகினேன். அப்பறம் நானும் பேசறதையே கொறச்சிகினேன்" என்றார்.

காது மந்தம் என்று என்னிடம் சொல்லிவைத்த அந்த ஒரு வரியை அண்ணியிடம் சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே? சரி, போய் வாருங்கள். முதலில் என் கோபம் தீரட்டும், பிறகு உங்களுக்காக அழுதுகொள்கிறேன்.