இரண்டாம் ஓலை

எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு முதுகில் பெரிய கூன். அழுகிற பிள்ளையை அடக்க ஊரில் அவர் பேரைச் சொன்னால் போதும். தோப்பில் அவர் போடும் சத்தத்துக்கு வேலைக்காரர்கள் நடுங்குவார்கள். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு இப்படியொரு மாப்பிள்ளையா என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான்தான் சரி என்றேன். முந்தின வருஷம் அப்பா நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த தம் தகப்பனாருக்கு அவர் கரண்டியால் கஞ்சி கோரிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் இல்லாத நேரத்தில் என் அப்பாவுக்கும் கொடுத்தாராம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்குத் தைரியம்?

நாங்கள் கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லலாம் என்று போதகர் சபையைக் கேட்பார். அந்த ஞாயிறுகளில் பெண் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளைக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

முதல் ஓலை முடிந்த வாரம், மாசக்கணக்காக நான் படித்துவந்த தொடர்கதை முடிந்தது. ராஜா காலத்துக் கதை. நாடே அஞ்சுகிற ஒரு கூன் இளவரசன், அவனை மனதார விரும்பிய ஒரு சிற்றரசன் மகள். எழுதிய பாவி அவனைக் கொன்றுவிட்டான். நான் சாப்பிடாமல் அழுதேன். பக்கத்து வீட்டுச் சித்தி எட்டிப் பார்த்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கல்யாணப் பெண் அழுதால் காரணம் கேட்கவா வேண்டும்! ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் ஞாயிறு அம்மா வேர்த்து விறுவிறுத்துக் கோயிலிலிருந்து வந்தாள். தடை உண்டா என்று கேட்டதும் மாப்பிள்ளையே எழுந்து நின்றாராம்.

"பெண்ணுக்கு மனசில்லண்ணு கேட்டேன். பிடிச்சுக் கெட்டி வைக்காண்டாம், நிறுத்துங்கோ" என்றாராம். இதைச் சொல்லும்போது அம்மா முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு வந்ததே ஆத்திரம்.

நேரே அவர் வீட்டுக்கு நடந்தேன். "ஏட்டி, மானம் போவுதுட்டி" என்று அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். அவர் முற்றத்தில் நின்றிருந்தார். அழுதது கதைக்காக என்றும், என்ன கதை என்றும் சொன்னேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

"அப்பம் அந்தக் கூனன்மேல வந்த எரக்கத்துலதான் என்னைக் கெட்டச் சம்மதிச்சியா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது.

"எரக்கப்பட்டு ஒரு வாரம் அழலாம். காலம் முச்சூடும் சோறு பொங்கிப் போட முடியுமா? எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் உள்ளே போய்விட்டார்.

பெண்ணுக்குச் சம்மதம்தான் என்று அப்பா போதகரிடம் சொன்னதால், மூன்றாம் ஓலையும் வாசிப்பதென்று ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவலே இல்லை. மறுபடியும் அவர் எழுந்து நின்றால் எல்லாம் அதோடு தீர்ந்தது. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை உதறிவிட்டு நானும் போய்ப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தேன். தடை உண்டா என்று போதகர் கேட்டார். கோயில் முழுக்க மாப்பிள்ளையைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.