ஷுக்கூர் சாயபுவின் ஆவிக் கணக்கு

"மூச்சு விடாதீங்க சாமி, தராசு ஆடுது" என்கிறார் அப்துல் ஷுக்கூர். நான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பத்தரிடம் கேட்டு வாங்கிய பொன் தராசு. ஒரு தட்டில், சின்னக் கிண்ணத்தில் இஞ்சின் எண்ணெய். மறு தட்டில் எடைக்கல்லும் குன்றிமணியும். முள் நேராக நின்றதும் "ஆங்!" என்று தலையை ஆட்டுகிறார். அப்புறம்தான் எனக்கு மூச்சுவிட அனுமதி.

திருத்தணி பஸ் ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர் அடைத்துக் கிடந்த அறை இது. சாயபு இதை "லேபரட்டரி" என்கிறார். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் பரிசோதிக்கும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செருப்போடு உள்ளே நுழைந்தால், மலைமேல் குருக்களாவது பொறுத்துக்கொள்வார், இவர் பொறுக்கமாட்டார்.

பரிசோதனை என்னவோ எளிதுதான். கரி அடுப்பின்மேல் மணல் சட்டி, மணலுக்குள் எண்ணெய்க் கிண்ணம். ஓடுகிற இஞ்சினின் சூட்டுக்குக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி நிறுக்க வேண்டும். குறைகிற எடை ஆவியாய்ப் போனது. பத்துக் குன்றிமணிக்குமேல் குறைந்தால் எண்ணெய் தேறாது என்பது சாயபுவின் சட்டம். இந்த யுத்தத்தில் கடைத்தெரு எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்தல்லவா வருகிறது! "இத ஊத்திகினு ஆர்.கே.பேட்டைக்குப் பொறப்பட்டா, பாதி வழியில எண்ணெ காத்துல பூடும், இஞ்சின் கட்டிக்கும். அப்பால ஜனங்க நடராஜா சர்வீஸ்தான்" என்பார். இப்படி ஓர் அறை எங்கள் ஊரில் இருக்கிறது என்று போகிற இடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டு திரிகிறேன்.

ஆவி என்ற சொல்லால் அவருக்கு வந்த வம்பும் உண்டு. அம்மையார்குப்பத்திலிருந்து கோவிந்தம்மாள் என்பவள், காரணமில்லாமல் சிரிக்கும் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஆவி பூட்ச்சா இல்லியானு நிறுத்தே சொல்லிடுவீங்களாமே, சாயபு!" ஷுக்கூர் கேலி செய்யவில்லை. "நம்மகிட்ட எண்ணெ ஆவிதாம்மா. மன்சங்க ஆவிக்கு இந்தத் தராசு பத்தாது" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பெண் அதற்கும் சிரித்தாளாம்.

வீட்டில் அவர் மனைவி ஹுசைனா நிம்மதியாக நெய் உருக்க முடிவதில்லை. "உருக்கறதுக்கு முன்னால ஒரு நிறுவை, பின்னால ஒரு நிறுவை. நான் சோத்துக்கு ஊத்தறதா, பரீட்சைக்கு வெக்கறதா?"

போன ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் தராசில் ஏறியது சாயபுவின் சொந்த எண்ணெய். சர்க்கார் பர்மிட்டில் வரவேண்டிய எண்ணெய் வரவில்லை. காவடி ஜனங்களை ஏற்றிவர வேண்டிய பஸ், ஷெட்டில் முடங்கிக் கிடந்தது. இஞ்சினில் வடித்த கறுப்பு எண்ணெயைக் காய்ச்சி, களிமண் போட்டுத் தெளியவைத்து, நெசவுத் துணியில் பலமுறை வடிகட்டித் தேன் நிறத்தில் எடுத்திருந்தார். பஸ் ஓடினால் "சாயபு எண்ணெய்" என்று ஊரே பேர் சொல்லும். அவருக்கு அந்த ஆசை இருந்தது. எனக்கு அவரைவிட அதிகமாகவே இருந்தது.

கிண்ணம் ஆறியது. பஸ் முதலாளி பரந்தாமனும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சாயபு குன்றிமணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பத்தாவதை எடுத்த பிறகும் எண்ணெய்த் தட்டு மேலேயே நின்றது. எங்கள் மூச்சுதான் காரணமோ என்று வெளியே போய் நின்றோம். அப்படியும் இறங்கவில்லை.

"தேறாது, மொதலாளி."

"உங்க எண்ணெதானே சாயபு! கொஞ்சம் கொறைஞ்சா இன்னா? கிருத்திகைக்கு வண்டி நிக்கலாமா? ஊத்துங்க."

"கடைக்காரன் எண்ணெய எத்தினி வாட்டி திருப்பி அனுப்பிக்கிறேன். என்னுதுக்கு மட்டும் வேற தராசா, மொதலாளி?"

சொல்லும்போது அவர் முகம் வாடித்தான் இருந்தது. எனக்கோ, அந்த பஸ் ஓடியிருந்தால்கூட இவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

பரந்தாமன் எண்ணெய் டின்னைத் தாமே தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். சாயபு அவரை முந்திக்கொண்டு ஓடி, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். இஞ்சினுக்குக் கீழே எண்ணெய் வடிக்கும் துவாரத்தின் திருகாணியைக் கழற்றினார். இனி மேலே எதை ஊற்றினாலும் தரையில்தான் ஓடும். எழுந்து வந்தவர், திருகாணியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, அடுப்பை ஊதப் போனார்.