கிரேன்காரர் வாங்கிய கேமரா

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிரேன்காரர் என்பார்கள். துறைமுகத்தில் கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்து பெட்டி தூக்கியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் ஆற்றுமுகத்தைப் பார்த்த ஐந்தாம் மாடி வீட்டில் இருந்தார். மனைவி இறந்தபின் தனி ஆள். மகள் ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள். அவர் விழுந்து இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை ஆனதும், குளிக்க வைக்கவும் நடக்கப் பழக்கவும் மகள் என்னை அமர்த்தினாள். நான் நர்ஸ் இல்லை, பராமரிப்புப் பயிற்சி பெற்றவள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "சரி நர்ஸம்மா" என்றார். விட்டுவிட்டேன்.

பால்கனியில் முக்காலி போட்டு ஒரு ஸ்கோப் வைத்திருந்தார். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பருத்த தொலைநோக்கி. எதிர்க்கரையில், ஓட்டாமல் விட்ட பழைய கிரேன் ஒன்று நின்றது. அதன் கையின் நுனியில் விராலடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து ஜோடி ஒன்று குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டியிருந்தது. காலைக் குளியல் முடிந்ததும் அவருக்கு அதுதான் வேலை. ஆண் பறவை என்ன மீன் கொண்டுவந்தது, எந்தக் காலில் பிடித்திருந்தது என்று எனக்குத் தினமும் செய்தி வாசிப்பார். நான் துண்டு மடித்தபடி கேட்டுக்கொள்வேன்.

பிறகு ஒருநாள், கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறான் என்றார்.

நீலச் சட்டை, தலையில் தொப்பி, கயிறு கட்டவில்லை, விழப்போகிறான் என்றார். நான் பார்த்தேன். யாரும் இல்லை. "இப்பதான் அந்தப் பக்கம் போனான்" என்றார். அந்த வாரமே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். அவர்கள் ஏணி வண்டியோடு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுபடி போன் போட்டார். அந்த முறை வந்தவர்கள் நேராக மகளின் எண்ணைக் கேட்டு வாங்கினார்கள்.

கீழ்வீட்டுக்காரர் லிஃப்டில் பார்த்தால் விடமாட்டார். "என்ன கிரேன் அண்ணே, உங்க ஆளு இன்னிக்கு டூட்டியா, லீவா?"

"நீ வேணா மேல போய்ப் பாரு. உன்னையும் சேத்து ரெண்டு பேர் நிக்கிறாங்கன்னு ஃபயர் சர்வீஸுக்குச் சொல்றேன்" என்பார் கிரேன்காரர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். லிஃப்டை விட்டு இறங்கியதும் முகம் இறுகிவிடும்.

மகள் சிரிக்கவில்லை. புத்தி தடுமாறியவர்களைப் பூட்டிய வளாகத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் பேசிவிட்டாள். திங்கட்கிழமை அங்கே சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். பொல்லாதவள் இல்லை. தூக்கம் கெட்டவள். வேலை நேரத்தில் நான் போன் போட்டால்கூட, "மறுபடி விழுந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுப்பாள்.

"போட்டோ எடுத்துக் காட்டுறேன். அவன் படத்துல விழுந்துட்டா என்னை எங்கயும் அனுப்பக் கூடாது" என்றார் கிரேன்காரர்.

"விழலைன்னா?"

"விழலைன்னா நீ சொல்ற இடத்துக்கு வாயைத் திறக்காம வரேன்."

முதலில் மகள் தன் போனை ஸ்கோப்பில் ஒட்டிப் பிடித்து எடுத்துப் பார்த்தாள். நிலா போல ஒரு வட்டம் வந்தது, சுற்றிலும் கருப்பு. உள்ளே எல்லாம் ஆட்டம். "இதுக்குத் தோதான கேமரா வேணும். சின்னதா" என்றார் அவர். சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம்.

ஸ்கோப்பின் ஐபீஸை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் முனைத் துண்டை, கழற்றிச் சாக்ஸுக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் ஒல்லியான, வாய் ஓயாத மனிதர். சாக்ஸைப் பார்த்ததும், "சார், செருப்புக் கடை பக்கத்துல" என்றார். விஷயம் தெரிந்ததும் தன்னிடமிருந்ததிலேயே பெரிய ஜூம் உள்ள கேமராவை எடுத்து நீட்டினார்.

கிரேன்காரர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "தூரத்தைக் கிட்டக் கொண்டுவர வேலையை ஸ்கோப் பாத்துக்கும் தம்பி. எனக்கு மூணு மடங்கு ஜூம் போதும். பெரிய ஜூம்னா மூக்கு வெளிய நீளும், முன்கண்ணாடியும் பெருசா இருக்கும். ஐபீஸோட துளை சின்னது. ரெண்டும் ஒத்துப் போகாது. எவ்வளவு இழுத்தாலும் ஓரம் கருப்பாத்தான் வரும். மூக்கு நீளாதது, முன்கண்ணாடி சின்னது, திரை பெருசு. அமுக்குறப்ப ஆடிடும், அதனால ரெண்டு செகண்ட் கழிச்சுத் தானா எடுக்கணும்."

மகள் என்னைப் பார்த்தாள். இவருக்கா புத்தி தடுமாறியிருக்கிறது என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கடைக்காரர் உள்ளே போய் மூன்று சிறிய கேமராக்களைக் கொண்டுவந்தார். இரண்டு பழையவை. கிரேன்காரர் ஐபீஸைக் கவுண்டரில் நிறுத்தி, முதல் கேமராவை அதன்மேல் பொருத்தி, தெருவுக்கு எதிரே இருந்த மருந்துக் கடைப் பலகையைப் பார்க்க முயன்றார்.

"ஐயா, ஐபீஸ் மட்டும் தனியா ஒண்ணும் காட்டாதே" என்றேன்.

"தெரியும். கருப்பு வட்டம் எவ்வளவுன்னுதான் பாக்குறேன்." வட்டம் ஜூம் போட்டதும் திரைக்கு வெளியே போய்விட்டது. திருப்தி. அப்புறம் ஐபீஸை எடுத்துவிட்டு வெறும் கேமராவில் பலகையைப் பார்த்தார். "நடுவுல அழுக்கு இருக்கு தம்பி."

கடைக்காரர் துடைத்துக் கொடுத்தார். அழுக்கு போகவில்லை. இரண்டாவது கேமராவிலும் இருந்தது. மூன்றாவது புத்தம் புதியது, திரையின் மேல் ஒட்டிய தாள்கூடப் பிரிக்கவில்லை. அதைப் பிரித்துக் கொடுத்தார்.

"இதுலயும் இருக்கு. சாம்பல் கலர்ல. சரியா நடுவுல."

"சார், எல்லாக் கம்பெனிக்காரனும் பேசி வச்சுக்கிட்டு ஒரே அழுக்கையா வச்சு அனுப்புவான்?" என்றார் கடைக்காரர்.

மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கிரேன்காரர் திரையை நேராகப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தார். செய்தித்தாள் படிப்பதை நிறுத்தியதற்கு, எல்லாம் ஒரே பொய் என்று காரணம் சொல்லியிருந்தார். டிவிக்கு முன்னால் நாற்காலி வாரத்துக்கு ஒரு அடி அதன் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியை இடம் மாற்றுகிறாள் என்று தரை கழுவ வந்தவளைத் திட்டினேனே தவிர எனக்கு வேறு தோன்றவில்லை.

"இதுல கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று மூன்றாவதையே எடுத்துக்கொண்டார். திரை அதில்தான் பெரியது.

திரும்பும்போது வாடகைக் காரில் அவர் முன்னால் உட்கார்ந்து தூங்கியதும், பின்னால் என் பக்கத்திலிருந்த மகளிடம் மெதுவாகச் சொன்னேன். "அம்மாடி, மூணு கேமராவுலயும் ஒரே இடத்துல அழுக்கு இருந்தா அது கேமராவுல இல்ல. முதல்ல அவர் கண்ணை டாக்டர்கிட்டக் காட்டு."

"கண்ணு தெரியலைன்னா ஆள் தெரியாமத்தானே போகணும்? இல்லாத ஆள் எப்படித் தெரிவான்?"

பார்வை நடுவில் போனவர்களுக்கு இல்லாத உருவம் தெரிவதுண்டு என்று பயிற்சியில் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. அதையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் ஆள் வந்தான். வந்தான் என்று கிரேன்காரர்தான் சொன்னார். கேமராவை வளையம் போட்டு ஸ்கோப்பில் மாட்டித் தயாராக வைத்திருந்தார். அமுக்கிவிட்டுக் கைகளை உயர்த்திக்கொண்டார், கூண்டுக்குள் நெம்புகோலை விட்டவர்போல. இரண்டு விநாடி. சொடுக்கு. மறுபடி. மறுபடி.

"விழுந்துட்டான். எல்லாத்துலயும் விழுந்திருப்பான்."

மகள் கேமராவின் மெமரி அட்டையை எடுத்து டிவியில் செருகினாள். படம் அருமையாக வந்திருந்தது. கிரேனின் துரு, போல்ட்டின் தலை, கூட்டின் குச்சி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த பறவையின் மஞ்சள் கண்கூடத் தெரிந்தது. பறவைக்குப் பக்கத்தில் வானம்.

அவர் எழுந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்துக்குப் போனார். முகத்தை இடதுபக்கம் திருப்பிப் பார்த்தார். வலதுபக்கம் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குக் கால் கடுத்துவிட்டது.

"ஆள் இல்லையா?"

"இல்லப்பா."

"நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க. அவ பயப்படுவா. நீங்க பயப்பட மாட்டீங்க."

"இல்ல ஐயா."

தலையாட்டினார். மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அந்த உயரத்துல காத்து பிச்சுக்கிட்டுப் போகும். சட்டை கப்பல் பாய் மாதிரி அடிச்சுக்கும். அவன் சட்டை ஒரு தடவைகூட ஆடல." வாக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு, "குளியலறைச் சுவத்துலயும் நிப்பான். சொன்னா உடனே அனுப்பிடுவியேன்னு சொல்லல. சரி, நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்? ரெண்டு சட்டை எடுத்து வைக்கணும்" என்றார்.

புத்தி தடுமாறியவர்களை நான் நிறையக் குளிப்பாட்டியிருக்கிறேன். படத்தைக் காட்டினால், படம் பொய் என்று சண்டை போடுவார்கள். தான் பார்த்ததை இப்படி எடை போட்டுத் தள்ளிவைக்க மாட்டார்கள். இதை மகளிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே. அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு குழாயை மூடிவிட்டு, திங்கட்கிழமை இல்லத்துக்குப் போகாமல் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

மருத்துவர் நிறையப் பேசவில்லை. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. திரும்ப வராது. இன்னும் தேயும். காலியான இடத்தை மூளை தன் இஷ்டத்துக்கு நிரப்புகிறது, அதுதான் தொப்பிக்காரன். புத்தியில் கோளாறு இல்லை.

வீட்டுக்கு வந்து மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மகள் சொன்னாள். அதில் யாருக்கும் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"பைத்தியம் இல்லைன்னு ஆயிடுச்சு. ஆனா குருடாயிட்டு இருக்கியேப்பா. இங்க தனியா எப்படி விடுறது?"

"அடுப்பைத் தொட மாட்டேன். நர்ஸம்மா சாயந்திரமும் வரட்டும்."

"அடுப்பு இல்ல எனக்குப் பயம். அவன் விழப்போறான்னு உனக்குத் தோணினா, எட்டிப் பிடிக்கக் கையை நீட்ட மாட்டேன்னு சொல்லு பாக்கலாம்."

அவர் சொல்லவில்லை. ஆள் இல்லை என்று தெரிந்த பின்னும் கை போகும், அது அவருக்கே தெரியும். முப்பது வருடம் ஆள் விழாமல் பார்த்துக்கொண்ட கை.

"பால்கனிக் கதவைப் பூட்டிடுறேன். ஸ்கோப்பை உள்ள வச்சு ஜன்னல் வழியா பாரு."

"திறக்காத ஜன்னல், கண்ணாடி வழியா ஸ்கோப் வச்சா படம் பால்ல நனைச்ச மாதிரி வரும்மா. பறவை எது, குச்சி எதுன்னு தெரியாது."

"வரட்டும்."

"முக்காலியை உள்ள கொண்டுவாங்க நர்ஸம்மா" என்றார். ஸ்கோப்போடு மடக்கிக் கொண்டுவந்தேன். பிறகு அவர் எழுந்து போய், தானே பால்கனிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துப் பூட்டினார். சாவியை மகளின் கையில் கொடுத்தார். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் முக்காலியை ஜன்னலோரம் விரித்து வைத்தேன்.