பேய் விளையாட்டிலிருந்து ஒரு தவக்காலப் பாட்டு

எங்கள் வீட்டிலிருக்கும் கேம் பெட்டி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வருகிற சனம் டீவிக்குக் கீழே அதைக் கண்டவுடன் என் கணவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. கலியாணம் கட்டியும் மகனுக்கு விளையாட்டுப் புத்தி போகவில்லை என்று என் மாமியே பலபேரிடம் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறார். அந்த மனுசன் பாவம், படகு எஞ்சின் திருத்துகிறவர். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். பகலில் கந்தோரில் கோப்புப் பார்த்து, ஞாயிறு பூசைக்குக் கீபோர்ட் வாசிக்கிற ஒருத்தி, பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு பேய்களைச் சுடுகிறாள் என்று எங்கள் பேசாலை ஊரில் யாருக்கு நினைக்கத் தோன்றும்?

இந்தப் பெட்டிகளைப் பற்றி எனக்குக் காரமான கருத்துகள் உண்டு. வீட்டில் கேட்க ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். முதலாவது, இவற்றைச் செய்கிறவர்கள் கடற்கரைப் பக்கம் வந்ததே இல்லை. சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் ஊரில் மணல் சோற்றுக்குள்ளும் இருக்கும், கேம் பெட்டியின் விசிறிக்குள்ளும் இருக்கும். உப்புக் காற்று மிச்சத்தைத் தின்றுவிடும். என் பெட்டியை இதுவரை காப்பாற்றி வைத்திருப்பது கொம்பனியின் உத்தரவாதம் இல்லை, என் கணவரின் பிரஷ். எஞ்சின் கழுவுகிற அதே பிரஷ்தான். எஞ்சினாவது கத்திப்போட்டுத்தான் சாகும், இது சொல்லாமல் கொள்ளாமல் போகிறது என்று முணுமுணுத்தபடி துடைத்துத் தருவார்.

இரண்டாவது, வியாபாரம். முன்பெல்லாம் ஒரு விளையாட்டை வாங்கினால் அது முழுதாக டிஸ்க் தட்டுக்குள் இருந்தது. இப்போது தட்டுக்குள் பாதி, மீதி இணையத்தில். எங்கள் சிக்னலில் அதை இறக்கி முடிப்பதற்குள் விளையாடுகிற ஆசையே போய்விடும். கதையின் கடைசிப் பகுதிக்குத் தனியாகக் காசு. மீனை விற்றுவிட்டுத் தலைக்கு வேறு விலை சொன்னால் எங்கள் சந்தையில் அடி விழும். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் பரிசுப் பெட்டி விற்கிறார்கள். திருநாள் கடையில் வளையம் எறியவிடுகிறவன்கூடப் பரிசைக் கண்ணுக்கு முன்னால் அடுக்கி வைக்கிறான். அவர்களுடைய நாட்டுப் பட்டியலில் இலங்கையே இல்லாததால் என் கணக்கு சிங்கப்பூரில் குடியிருக்கிறது. நான் இன்னும் அந்தப் பக்கம் போனதில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரு விளையாட்டு ஒருநாள் கடையோடு சேர்ந்து காணாமல் போனது. அன்றுதான் புரிந்தது, நான் வாங்கவில்லை, வாடகைக்கு இருந்திருக்கிறேன்.

இவ்வளவு திட்டுகிற நீ ஏன் இன்னும் விளையாடுகிறாய் என்று கணவர் கேட்பார். இசைக்காக என்பேன். அவர் நம்பமாட்டார், ஆனால் அதுதான் உண்மை.

சினிமாப் பாட்டுக்குத் தான் எப்போது முடிய வேண்டும் என்று தெரியும். காட்சி முடிந்தால் பாட்டும் முடிந்தது. விளையாட்டு இசைக்கு அந்த வசதி கிடையாது. விளையாடுகிறவள் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பாளா, அடுப்பில் சோறு கிடக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டுப் போய் ஒரு மணித்தியாலம் கழித்து வருவாளா, இசையமைத்தவருக்குத் தெரியாது. ஆகவே அது முடிகிற இடத்திலேயே மறுபடி தொடங்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத் தெரியக் கூடாது. எத்தனை முறை சுற்றினாலும் அலுக்கக் கூடாது. செய்து பாருங்கள், நாக்குத் தள்ளிவிடும்.

என்னுடைய பேய் விளையாட்டு ஒரு பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. செத்தவர்கள் எழும்பி நடைபாதையெல்லாம் திரிவார்கள். ஓடி ஓடி மூச்சு நின்றுபோகிற நேரத்தில் ஒரு சின்ன அறை வரும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் எதுவும் உள்ளே வராது. அங்கே மட்டும் ஒரு பியானோ, மிக மெதுவாக, யாரோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல. முதல்முறை கேட்டபோது நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அழுதேன். என்னத்துக்கு என்று கேட்காதீர்கள், அன்று கந்தோரிலும் நல்ல நாளாக இருக்கவில்லை.

கோயிலில் கீபோர்ட் வாசிக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நற்கருணை வாங்கும் வரிசை எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டின் சரணங்கள் எல்லாம் முடிந்த பிறகும் வரிசை வாசல்வரை நிற்கும். பாடகர் குழு மூச்சு வாங்கும். நான் எதையாவது வாசித்து இழுக்க வேண்டும். ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது என் விரல்கள் தாமாகவே அந்த அறைக்குள் போய்விட்டன. முடிவில்லாத வரிசைக்கு முடிவில்லாத இசை. கடைசி ஆள் வாங்கிவிட்டுத் திரும்பும்வரை சுற்றிச் சுற்றி வாசித்தேன். கோயிலில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

பூசை முடிந்ததும் அது என்ன பாட்டு, லத்தீன் பாட்டா என்று கேட்டு வந்தார்கள். நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பேய் விளையாட்டில் வருவது என்றேன். பகிடி விடுகிறேன் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பங்குத்தந்தையிடமும் போய்ச் சொன்னேன், செத்தவர்கள் எழும்பி வருகிற விளையாட்டு, பிறகு குறை சொல்லக் கூடாது என்று.

"செத்தவை எழும்பிறது எங்களுக்குப் புதுசில்லைத்தானே. வாசியுங்கோ" என்றார்.

எங்கள் பின்வீதியில் இருக்கும் அக்கா கருவாட்டு வாடியில் வேலை செய்கிறார். பாடகர் குழுவில் பின்வரிசை. வெயிலும் உப்பும் பட்டுக் கொஞ்சம் கரகரத்த குரல், ஆனால் சுருதியை விட்டு அசையாது. அவருடைய ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அடுத்த கிழமை அக்கா என் குசினி வாசலில் வந்து நின்றார். மீனை வெயிலில் பிரட்டிப் போடப் போட அந்த மியூசிக்குக்குச் சொல் வருகிறதாம், நிறுத்த முடியவில்லையாம். பாடுங்கோ என்றேன். கையை லேஞ்சியில் துடைத்துவிட்டுப் பாடினார்.

வெளியே காற்று வீசட்டும்,
கதவைச் சாத்தி இருக்கிறேன்.
உள்ளே நீரும் இருப்பதால்
கொஞ்சம் இளைப்பாறுகிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையைப் பற்றியோ கதவைப் பற்றியோ நான் அவரிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மூன்று சரணம் வைத்திருந்தார். வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு வரி எழுதாத மனுசி.

தவக்காலத்தின் மறுவெள்ளியில் அக்கா பின்வரிசையிலிருந்து முன்னுக்கு வந்து, மைக்கைப் பிடித்துத் தனியாகப் பாடினார். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்காகக் கோயில் பூசையை வீடியோவாக இணையத்தில் போடுவது வழக்கம். குவைத்தில் மகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள், அம்மா எழுதின பாட்டு என்று. அந்தக் கிழமை அக்காவைப் பிடிக்கவே முடியவில்லை. வாடியில் கருவாடு வாங்க வந்தவர்களுக்கும் பாடிக் காட்டினாராம். எத்தனைபேர் பார்த்திருக்கிறார்கள் என்று நாளுக்கு ஒரு தரம் என்னிடம் விசாரித்தார்.

பிறகு கொம்பனி வந்தது. ஆளாக வரவில்லை. ஆளாக வந்திருந்தால் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருப்பேன். இணையத்தில் காது வைத்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு இயந்திரம் அந்தப் பியானோ மெட்டைக் கண்டுபிடித்து, இந்த ஒலி வேறொருவருக்குச் சொந்தம் என்று அறிவித்து, பாட்டு நடக்கிற அந்தப் பகுதியின் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டது. மகள் அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்: அம்மாவின்ரை வாய் அசையுது, சத்தம் வரேல்லை.

அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மெட்டுக்குச் சொந்தக்காரர் வேறு, அவர்களைக் கேட்காமல் இணையத்தில் போடக் கூடாதாம் என்று என்னால் முடிந்த அளவு விளக்கினேன். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் விளங்கியது.

"அப்ப நான் களவெடுத்தனானோ, பிள்ளை?"

இல்லையக்கா, எடுத்தது என்றால் நான்தான் எடுத்தேன், உங்களுக்கு இதில் ஒன்றுமில்லை என்றேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சொல்லு என்ரைதானே. அதை என்னத்துக்கு எடுத்தவை?"

அக்கா அன்றோடு பாடகர் குழுவுக்கு வருவதை விட்டுவிட்டார். பூசைக்கு வந்தால் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு எழும்பிப் போனார். போனில் பாடியாவது மகளுக்கு அனுப்புங்கோ, அதை ஒருவரும் தடுக்கமாட்டார்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். களவுப் பாட்டைப் பெத்த பிள்ளைக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டார். மகள் ஒவ்வொரு நாளும் கேட்கிறாளாம், இவர் தொண்டை சரியில்லை என்று சாட்டுச் சொல்கிறாராம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கொம்பனிக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினேன், அதே பதில், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த இசையை யாரோ ஒரு மனுசன் இருந்து யோசித்துத்தான் செய்திருக்கிறார். சத்தத்தை நிறுத்தினால் அவருக்குச் சோறு கிடைக்கிறதென்றால் நிறுத்தட்டும், என் காதுத் தோட்டையும் கழற்றிக் கொடுக்கிறேன். ஆனால் விளையாட்டின் கடைசியில் அவருடைய பெயர் எறும்பு அளவு எழுத்தில் ஓடி மறைகிறது. அவ்வளவு மரியாதைதான் அவருக்கே கிடைத்திருக்கிறது. இதில் கருவாடு பிரட்டுகிற மனுசியின் சொல்லையா அவர்கள் பார்க்கப்போகிறார்கள்?

சரி, மெட்டுத்தானே பிரச்சினை, நான் வேறு மெட்டுப் போடுகிறேன் என்று இறங்கினேன். அதுவரை பிறர் போட்ட மெட்டை வாசித்தே காலம் தள்ளியவள் நான். பின்னேரப் பேய்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுக் கீபோர்டில் இருந்தேன். முதல் மெட்டைக் கேட்டுவிட்டு என் கணவர், மன்னார் பஸ் ஹோர்ன் அடிக்கிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தார். இரண்டாவதைக் கேட்டுவிட்டு எஞ்சின் பார்க்கப் போய்விட்டார். மூன்றாவதைத்தான் துணிந்து அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் தன் சொல் அதற்குள் இருக்கமாட்டேன் என்கிறது என்றார். என் மனம் நோகக் கூடாது என்று எனக்குத் தேத்தண்ணி வேறு ஊற்றித் தந்தார்.

பாஸ்காத் திருநாள் முடிந்து கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு பின்னேரம் என் வேலிக்குள் தலையை விட்ட கழுதையை விரட்டிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். வாடியிலிருந்து நேரே வந்திருக்கிறார், உடுப்பெல்லாம் கருவாட்டு மணம். மகள் வொய்ஸ் அனுப்பியிருக்கிறாள், பின்னால் ஏதோ கேட்கிறது, அது நான் நினைக்கிறதுதானா என்று பார் என்றார். போனை மேசையில் வைத்துப் பொத்தானை அமத்தினேன். முதல் வினாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறை. அந்தப் பியானோ. அதற்கு மேல் மகளின் குரல்:

"அம்மா, கேக்குதோ? இது எங்கடை மேடத்தின்ரை டீவியிலை வாறது. பிள்ளையள் பள்ளிக்கூடம் போனாப் பிறகு மேடம்தான் இருந்து விளையாடுறவ. முதல் நாள் கேட்டிட்டு நான் அயன் பண்ணின சட்டையை எரிச்சுப்போட்டன். இப்ப அவ விளையாட்டிலை அந்த மியூசிக் வாற அறைக்குள்ளை வந்தால் நான் உங்கடை சொல்லை வைச்சுப் பாடுறனான். அவவுக்கு ஒண்டும் விளங்காது. ஆனா நான் பாடத் தொடங்கினால் அங்கையே நிண்டிடுவா. முடியிற மட்டும் வெளிய போகமாட்டா."

பிறகு அவள் பாடினாள். அம்மாவின் அதே கரகரப்பு. கடல் கடந்து ஒரு வீட்டில் சட்டை அயன் பண்ணிக்கொண்டு, கொம்பனியின் சொந்த மெட்டில், கொம்பனியின் சொந்தப் பெட்டிக்கு முன்னால், எங்கள் அக்காவின் சொல். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. சத்தம் கேட்டு உள்ளே வந்த என் கணவர் எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றார்.

அங்கேயும் கொம்பனி சத்தத்தை நிறுத்திவிடாதா என்று அக்கா பயந்துபோய்க் கேட்டார். நிறுத்தாது அக்கா, அந்த மேடம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறா என்றேன். வாங்கியதும் சொந்தமில்லை என்ற என் வழக்கமான பிரசங்கத்தை அன்று நான் தொடங்கவில்லை.

அக்கா மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். முடிந்ததும் நெற்றியைச் சுருக்கினார். பிறகு போனைத் தன் கையில் எடுத்து, பதிவு செய்கிற பொத்தானை அமத்திக்கொண்டு, வாய்க்குக் கிட்ட வைத்துப் பேசினார்.

"மூண்டாவதை விட்டிட்டாய் பிள்ளை. அது உனக்கெண்டு எழுதினது. அம்மா இப்ப பாடுறன், கேட்டுப் பழகு. மேடத்தை இன்னும் கொஞ்சம் நிக்கச் சொல்லு."

பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே பாடத் தொடங்கினார்.